அவர் உட்கார இடம்

காருக்குள் யாரும் இல்லை. கதவைத் திறந்ததும் டிரைவர் இருக்கை தானாகப் பின்னால் நகர்ந்தது.

அவசரமில்லாமல் நகர்ந்தது. தையல் மிஷினை மெதுவாக மிதித்தால் வருமே, அந்த மாதிரி ஒரு சத்தம். போக முடிந்த அளவு பின்னால் போய், முதுகுப் பக்கம் கொஞ்சம் சாய்ந்து, நின்றது. பிறகு கதவிலிருந்த பக்கக் கண்ணாடி அசைந்தது. ஒரு முகத்தைத் தேடுவதுபோல நிமிர்ந்து, முகம் கிடைத்துவிட்டதுபோல நின்றுவிட்டது.

என் கையில் டீ டம்ளர். சூடு விரலைச் சுட்டதுகூடத் தெரியவில்லை.

கதவைப் பிடித்துக்கொண்டு நின்ற அம்மாள் என்னைத் திரும்பிப் பார்த்தார். "பயப்படாதீக அக்கா. அவுக உக்கார எடம் பண்ணுது," என்றார்.

அவர் சொன்ன 'அவுக' அவருடைய வீட்டுக்காரர். இறந்து ஏழெட்டு மாதம் ஆகியிருந்தது.

கீழே பட்டறை, மேலே நாங்கள்

இந்தத் தொடரை நடுவில் கையில் எடுத்தவர்களுக்காக ஒரு வார்த்தை. மந்தைவெளியில் ரயில் பாலத்தை ஒட்டின சந்தில் எங்கள் வீடு. மாடியில் நானும் என் மகள் ஸ்டெல்லாவும். கீழே ஸ்டெல்லாவின் கார் பட்டறை. கல்யாணம் வேண்டாம், கார் போதும் என்று அவள் சொன்னதையும் நான் அழுததையும் முன்பே எழுதிவிட்டேன். இப்போது அழுவதில்லை. ரயில் போகும்போது பாத்திரங்கள் ஆடுவதுபோல அதுவும் பழகிவிட்டது.

பட்டறையில் அவளுக்குத் துணை பாஷா. ராயப்பேட்டைக்காரர், ஐம்பதைத் தாண்டியவர். அவர் வாய் மூடாது, நான் வாய் திறக்கமாட்டேன். அதனால் எங்களுக்குள் இதுவரை சண்டை வந்ததில்லை.

அங்கே வருவது பழுதான கார் மட்டும் இல்லை. நன்றாக ஓடுகிற காரை இன்னும் வேகமாக ஓடவைக்கச் சொல்லிக் கொண்டுவருகிறவர்களும் உண்டு. அவர்களுக்கென்று ஒரு பந்தயம். இரண்டு கார் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். பச்சை விளக்கு எரிந்தால் கிளம்ப வேண்டும். கால் மைல் தூரம். ஒரே நேர்க்கோடு, வளைவு கிடையாது. எத்தனை விநாடியில் போய்ச் சேர்ந்தாய், அவ்வளவுதான் கேள்வி. டிராக் ரேஸ் என்கிறார்கள்.

முதல் தடவை இதைக் கேட்டபோது, "அப்ப பல்லவன் பஸ்ஸைப் பிடிக்க ஓடுறவங்கள்லாம் யாரு?" என்று கேட்டேன். ஸ்டெல்லா ரெண்டு நாள் என்னோடு பேசவில்லை.

ஊருக்கு வெளியே பயன்படாமல் கிடக்கிற பழைய விமான ஓடுபாதையில், அனுமதி வாங்கி, ஆம்புலன்ஸ் நிறுத்தி, பகலில்தான் நடத்துவார்கள். நம் தெருக்களில் சீறிக்கொண்டு போகிறவர்களின் வண்டியை ஸ்டெல்லா தொடக்கூட மாட்டாள்.

நான் முதலில் சொன்ன கார், கறுப்பு நிறம், தங்கராஜ் என்பவருடையது. தெற்கேயிருந்து வந்து தி.நகரில் ஜவுளிக்கடை வைத்த குடும்பம். அண்ணன் தம்பிகளில் இவர் கடைசி. ஆறடிக்கு மேல் உயரம். பட்டறைக்குள் நுழையும்போது ஷட்டருக்குக் குனிவார். கடையில் நாளெல்லாம் புடவை விரித்துக் காட்டுகிற குடும்பத்தில் பிறந்த மனிதருக்கு, அந்த ஜெர்மன் கார் ஒன்றுதான் பைத்தியம்.

புகையில் சுற்றுகிற விசிறி

அந்தக் காரில் டர்போ என்று இரண்டு சாமான். என்ன அது என்று பாஷாவிடம் கேட்டேன்.

"இஞ்சின் வுடுது பாரு பொகை, அதுவே ஒரு விசிறியைச் சுத்தும்க்கா. அந்த விசிறி இன்னொரு விசிறியைச் சுத்தி, வெளிக்காத்தை உள்ளாற தள்ளும். காத்து ஜாஸ்தி போச்சுன்னா பெட்ரோல் ஜாஸ்தி எரியும். அப்பால வண்டி நிக்காது."

தான் விட்ட மூச்சே திரும்பி வந்து தன்னைத் தள்ளுவது. எனக்கு அப்படித்தான் புரிந்தது.

கம்பெனியிலிருந்து வருகிற டர்போ சின்னது. வேகப் பைத்தியம் பிடித்தவர்கள் முதலில் அதைத்தான் கழற்றிவிட்டுப் பெரியதாகப் போடுவார்கள். தங்கராஜ் மாட்டேன் என்றார். ஸ்டெல்லா கம்ப்யூட்டரில் ஏதோ கணக்கை மாற்றினாள். காற்று போகிற வழியையும் புகை வருகிற குழாயையும் மாற்றினாள். பின்னால் மெத்தென்ற டயர் போட்டாள். டர்போவை மட்டும் தொட விடவில்லை அவர்.

"இருக்கறதை வச்சு ஓட்டுனாத்தான் ஓட்டம். அதை மாத்திட்டா வேற வண்டில்லா?" என்பார்.

அவருக்கு ஆசை ஒன்றே ஒன்று. அந்தச் சின்ன டர்போவை வைத்தே பன்னிரண்டு விநாடிக்குள் போய்விட வேண்டும். கடைசியாக அவர் ஓட்டினபோது பன்னிரண்டைத் தாண்டிக் கொஞ்சூண்டு. கண் இமைக்கிற நேரம்தான் மிச்சம். அடுத்த தடவை முடித்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அடுத்த தடவை வரவில்லை. ஒரு சாயங்காலம் கடையிலிருந்து வந்து, தி.நகரில் தங்கள் அடுக்குமாடிக் கட்டடத்துக்கு அடியில் காரை நிறுத்தினார். அந்தக் காரில், என்ஜினை நிறுத்தின பிறகும் சின்ன பம்ப் ஒன்று கொஞ்ச நேரம் ஓடிக்கொண்டே இருக்கும். சூடேறிப்போன டர்போவுக்குத் தண்ணீர் அனுப்ப. ஆள் இறங்கிப் போன பிறகும் உள்ளே யாரோ முனகுகிற மாதிரி கேட்கும். அன்றைக்கு அந்த முனகல் அடங்கிவிட்டது. அவர் இறங்கவில்லை. போன் பேசுகிறார் என்று வாட்ச்மேன் நினைத்துக்கொண்டிருந்தாராம்.

இன்னொரு சாவி

அவர் மனைவி பெயர் சண்முகவடிவு. வடிவு என்றுதான் கூப்பிடச் சொன்னார். என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது சின்னவர். குரல் எனக்கு இருப்பதைவிட மெல்லிசு. நாங்கள் இரண்டு பேரும் ஒரு அறையில் இருந்தால் மின்விசிறிச் சத்தம்தான் கேட்கும்.

காரை வடிவின் அண்ணன் விற்றுவிட்டார். கோயம்புத்தூர்க்காரர் ஒருவர் திங்கட்கிழமை பட்டறைக்கு வந்து எடுத்துக்கொள்வதாக ஏற்பாடு. அதற்கு முன்னால் வடிவு ஸ்டெல்லாவைக் கேட்டது ஒன்றுதான். ஞாயிற்றுக்கிழமை பந்தயத்தில் அவர் ஆசைப்பட்டபடி அந்தக் காரை ஒரு தடவை பன்னிரண்டுக்குள் ஓட்டித் தர முடியுமா? ஸ்டெல்லா உடனே சரி என்றாள். அது அவளுக்கும் முடியாமல் நின்றுபோன வேலைதான்.

அந்தக் காரில் எந்தச் சாவி வருகிறது என்று பார்த்துத்தான் இருக்கை நகரும். ஒரு சாவிக்கு ஒரு ஆள். அந்த ஆளின் உயரத்துக்கு இருக்கையும் கண்ணாடியும் தாமாகத் திரும்பும். ஸ்டெல்லாவிடம் இருந்தது ஒரு சாவிதான். தங்கராஜின் சாவி தொலைந்துபோய்விட்டது என்று அண்ணன் சொல்லியிருந்தார்.

நான் டீ கொண்டுபோன அந்தச் சாயங்காலம், தொலைந்துபோன சாவி வடிவின் கையில் இருந்தது. வளையத்தில் சின்ன வேல்.

"தெனமும் வெளக்கேத்திட்டு கீழ எறங்கிப் போவேன் அக்கா," என்றார். "கதவைத் தொறந்தா சீட்டு பின்னால போவும். நான் இந்தப் பக்கத்துச் சீட்ல உக்காந்துக்குவேன். வண்டியைக் கொஞ்சம் ஓடவிட்டு நிறுத்துவேன். அந்த முனகல் கேக்கும்லா, அது அடங்குத வரைக்கும் இருப்பேன். அடங்குனதும் மேல வந்துருவேன். எங்க அண்ணன் ஒருநா பாத்துட்டாக. பாத்த வாரமே வித்துட்டாக."

அவருடைய அண்ணனையும் குறை சொல்ல முடியாது. உயிரோடு இருக்கிற தங்கையை யாரும் பூமிக்கு அடியில் உட்காரவிட மாட்டார்கள்.

"சாவி என்ட்ட இருக்குன்னு உங்க மககிட்ட சொல்லிராதீக."

தலையாட்டினேன். பேசாமல் இருப்பது எனக்குக் கஷ்டமான வேலை இல்லை.

ஆள் வருது

இதை எழுதும்போது வேறொன்று ஞாபகம் வருகிறது. எனக்கு ஆறேழு வயது. சாந்தோம் பக்கம் குடியிருந்தோம். கல்லறைத் திருநாள் அன்று பூசைக்குப் போனால், அம்மா பெஞ்சில் எங்களைத் தள்ளித் தள்ளி உட்காரவைத்து, ஓரத்தில் ஒரு ஆள் இடம் விடுவார். கூட்டம் நெருக்கும். யாராவது உட்கார வந்தால் "ஆள் வருது" என்பார். பூசை முடிகிறவரை யாரும் வரமாட்டார்கள்.

ஒரு வருடம் அந்தக் காலி இடத்தைக் கையால் தொட்டுப் பார்த்தேன். மழை நாள். பெஞ்சு முழுக்கச் சில்லென்று இருந்தது. அந்த இடம் மட்டும் வெதுவெதுப்பாக இருந்தது. அதைப் பற்றி அம்மாவிடம் கேட்கவில்லை. கேட்டால் பதில் சொல்லிவிடுவாரோ என்று பயம்.

இன்னொன்று. என் வீட்டுக்காரர் கோடம்பாக்கத்தில் ஒரு படக் கம்பெனிக்கு வேன் ஓட்டினார். ஆள் குள்ளம். உட்கார்ந்தால் முன்கண்ணாடி வழியாக ரோடு தெரியாது, வானம்தான் தெரியும். அதற்காக இலவம்பஞ்சில் ஒரு மெத்தை தைத்துக் கொடுத்தேன். வருடக்கணக்கில் உட்கார்ந்து அதில் அவர் அளவுக்கு ஒரு பள்ளம். அவர் போன பிறகு வேனுக்கு வந்த புது டிரைவர், ஒரு வாரத்தில் அதைத் துணியில் சுற்றி எங்கள் வீட்டில் கொண்டுவந்து வைத்தார்.

"இன்னான்னு தெர்லம்மா. இதுல உக்காந்தா யாரோ எந்திரின்னு சொல்ற மாதிரியே கீது."

ஸ்டெல்லாவும் அப்பாவைப் போலக் குள்ளம். பந்தயத்தில் எந்தக் காரை ஓட்டினாலும் அந்த மெத்தைமேல்தான் உட்காருவாள். காரைச் சோதிக்கிறவர்கள் ஒவ்வொரு தடவையும் முகம் சுளிப்பார்கள். கயிறு போட்டு அசையாமல் கட்டிக் காட்டினால்தான் விடுவார்கள்.

மீன் ஐஸ்

ஞாயிற்றுக்கிழமை வந்தது. ஆண்கள் கூட்டத்துக்கு நடுவில் தனியாகப் போக வடிவுக்குத் தயக்கம். நீங்களும் வாங்க அக்கா என்றார். கூச்சப்படுகிறவருக்குக் கூச்சப்படுகிறவர் துணை.

காரின் பின் இருக்கை, உபரி டயர், ஜாக்கி எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, எடை குறைந்த காரை லாரியில் ஏற்றினார்கள். போகிற வழியில் பட்டினப்பாக்கத்தில் லாரியை நிறுத்தி, மீன் விற்கிற பெண்களிடம் பாஷா மூட்டை மூட்டையாக ஐஸ் வாங்கினார். சின்ன டர்போ சீக்கிரம் சூடேறும். சூடான காற்றுக்கு வேகம் இல்லை. ஒரு ஓட்டத்துக்கும் அடுத்த ஓட்டத்துக்கும் நடுவில் என்ஜின் மூடியைத் திறந்து, காற்று போகிற இடத்தில் ஐஸ் மூட்டையைப் படுக்கவைப்பார்கள்.

"போன தபா இன்னா கலாய் கலாய்ச்சானுங்க தெரியுமாக்கா?" என்றார் பாஷா. "லைன்ல நம்ம வண்டி வந்தாலே, மச்சி, வஞ்சிரம் வந்துருச்சுடான்றானுங்க."

எனக்குச் சிரிப்பு வந்தது. வடிவைப் பார்த்ததும் நின்றுவிட்டது. அவர் ஐஸையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சொந்தக்காரங்க வர்ற வரைக்கும் அவுகளையும் இதுலதான் வச்சிருந்தாக," என்றார்.

கானல்

அந்த ஓடுபாதை எனக்குப் பிடிக்கவில்லை. மரம் இல்லை, நிழல் இல்லை. ஒரு முனையில் கூடாரங்களும் கார்களும் இளைஞர்களும். மறுமுனையில் ஒன்றுமே இல்லை. அங்கே தரை தண்ணீராக ஆடிக்கொண்டிருந்தது. கானல். போன கார் அந்தத் தண்ணீருக்குள் இறங்கி, கரைந்து, காணாமல் போகும். சத்தம் மட்டும் கொஞ்ச நேரம் இருக்கும். பிறகு அதுவும் போகும். ரொம்ப நேரம் கழித்து, பக்கத்துப் பாதையில், சக்கரமே இல்லாமல் காற்றில் மிதந்துகொண்டு ஒரு கார் திரும்பி வரும். போன கார்தான் வருகிறதா என்று பக்கத்தில் வரும்வரை தெரியாது.

எங்கள் முறை வந்தது. ஸ்டெல்லா தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டு கதவைத் திறந்தாள். நானும் வடிவும் பக்கத்தில்தான் நின்றோம்.

இருக்கை பின்னால் நகர்ந்தது. அப்பாவின் மெத்தையையும் தூக்கிக்கொண்டு.

"யம்மாடி!" பாஷா கையிலிருந்த ஸ்பேனரைப் போட்டுவிட்டார். "இது வேற ஆளுக்கு எடம் வுடுது ஸ்டெல்லா! நான் கெளம்புறேன், எனக்கு ரெண்டு பொண்ணு கீது!"

ஸ்டெல்லா இருக்கையைப் பார்த்தாள். தன் சாவியைப் பார்த்தாள். கடைசியாக வடிவின் கைப்பையைப் பார்த்தாள்.

"பையில இன்னாம்மா வச்சிருக்கீங்க?"

வடிவு சாவியை எடுத்து நீட்டினார். பக்கத்தில் இரண்டு சாவி இருந்தால் கார் குழம்பும் என்று ஸ்டெல்லா சொன்னாள். கோபப்படவில்லை. ஆனால் சொல்ல வேண்டியதைச் சொன்னாள்.

"அந்தச் சாவி நாளைக்கு வண்டியோட போயாகணும்மா. ரெண்டு சாவியும் இல்லாம வாங்குறவரு எடுக்கமாட்டாரு. சீட்டு ஞாபகத்தையும் நான் காலைல மாத்தி வச்சிடுறேன்."

"எப்படி மாத்துவீக?"

"வேணுங்கற எடத்துல சீட்டை வச்சிட்டு, கதவுல கீற இந்த பட்டனை அழுத்திப் புடிக்கணும். டிங்னு சத்தம் வந்தா பழசு போயிடும். சும்மா நகர்த்துனா போகாது. அழுத்துனாத்தான்."

 தி.நகரில் கட்டடத்துக்கு அடியில் வடிவு இத்தனை மாதம் காப்பாற்றி வைத்திருந்தது, விரல் நுனி அளவு பட்டன் ஒன்றை அழுத்தினால் போய்விடும்.

நாங்கள் சாவியோடு தூரமாகப் போய் நின்றோம்.

ஓடுவதற்கு முன்னால் பின்சக்கரத்தை நின்ற இடத்திலேயே சுற்றவிட்டு டயரைச் சூடாக்குவார்கள். வெள்ளைப் புகை காரை மூடிக்கொண்டது. ரப்பர் எரிகிற நாற்றம், அதற்கு அடியில் மீன் நாற்றம். புகை விலகும்போது காரின் பின்கண்ணாடி வழியாகப் பார்த்தேன். ஸ்டெல்லா உட்கார்ந்தால் பின்னாலிருந்து தெரியவே தெரியாது. இருக்கைக்கு மேலே ஒரு தலை தெரிந்தது.

பாஷாவிடம் காட்டினேன். "ஹெல்மெட்க்கா," என்றார். நான் காட்டின பக்கம் அவர் திரும்பவில்லை.

பச்சை எரிந்தது. கார் ஒரு தடவை பின்னங்காலில் உட்கார்ந்து எழுந்தது. நீளமாக ஒரு மூச்சுச் சத்தம். அப்புறம் கானல்.

பலகையில் எண் வந்தது. பன்னிரண்டும் கொஞ்சமும். பாஷா அதைப் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தார். தங்கராஜ் கடைசியாக ஓட்டின அதே நேரம். புள்ளிக்கு அப்புறம் வருகிற எண்கள்கூட அதே.

இரண்டாவது ஓட்டம் அதைவிட மோசம். வெயில் ஏறிவிட்டது. ஸ்டெல்லா இறங்கித் தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொண்டாள். "இழுக்கவே மாட்டேங்குது பாஷாண்ணா. எல்லாத்தையும் எடுத்துட்டோம். இன்னும் கனமா கீது."

கடைசி ஓட்டம் ஒன்று பாக்கி. மிச்சமிருந்த ஐஸ் எல்லாவற்றையும் உள்ளே படுக்கவைத்தார்கள். தண்ணீர் சொட்டி, தரையில் விழுந்ததும் ஆவியானது.

அப்போது வடிவு நடந்து போனார். அத்தனை ஆண்களுக்கு நடுவில், முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, நேராக ஸ்டெல்லாவிடம். தங்கராஜின் சாவியை அவள் உள்ளங்கையில் வைத்தார்.

"இதுல போங்கம்மா. அவுக சாவியிலயே போங்க."

ஸ்டெல்லா ஒரு நிமிடம் யோசித்தாள். தன் சாவியை வடிவிடம் கொடுத்துத் தூரமாகப் போகச் சொன்னாள். கதவைத் திறந்தாள். இருக்கை பின்னால் போனது. அவள் அதை முன்னால் இழுத்து, மெத்தையைச் சரியாகக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். பக்கக் கண்ணாடிகளை மட்டும் அவர் உயரத்துக்கே விட்டுவிட்டாள்.

இந்தத் தடவை புகைக்குள் நான் பார்க்கவில்லை. வடிவின் கையைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தேன். மூச்சுச் சத்தம் கேட்டது. போகப் போக மெலியும் என்று காத்திருந்தேன். அது மெலியாமலே நின்றது, பாட்டின் நடுவில் ரேடியோவை அணைத்தது மாதிரி. நிமிர்ந்தால் கானல் மட்டும் ஆடிக்கொண்டிருந்தது. கார் இல்லை.

"எங்கக்கா போனாக?" என்றார் வடிவு. என் மகளைப் பற்றிக் கேட்டாரா, வேறு யாரையாவது பற்றியா, தெரியாது.

நான் என் பிள்ளைக்காக எத்தனையோ ஜெபம் சொல்லியிருக்கிறேன். அந்த நேரத்தில் ஒன்றுகூட வரவில்லை. 'ஆள் வருது, ஆள் வருது' என்றுதான் வாய் முணுமுணுத்தது.

கூட்டம் கத்தியது. பாஷா குதித்துக்கொண்டு ஓடிவந்தார். "பதினொண்ணுக்கா! பதினொண்ணு புள்ளி ஒம்பது! கம்பெனி டர்போ! இன்னா இன்னா, எவன்டா வஞ்சிரம்னது!"

கார் மிதந்துகொண்டு திரும்பி வந்தது. பக்கத்தில் வந்து, ஸ்டெல்லாவின் முகம் தெரிந்த பிறகுதான் வடிவின் கையை விட்டேன்.

"கண்ணாடில ரோடே தெர்லம்மா," என்றாள் அவள். உதடு வெளுத்திருந்தது. "ரெண்டு பக்கமும் வெறும் வானம். முன்னாடி தண்ணி, பின்னாடி வானம். எங்க போறேன்னே தெர்ல." சிரிக்கப் பார்த்தாள். "ஆனா கனமே இல்ல."

பட்டன்

ஸ்டெல்லா வடிவிடமிருந்து தன் சாவியை வாங்கிக்கொண்டு, நேரம் அச்சடித்த காகிதத்தை வாங்க பாஷாவோடு போனாள். கார், நான், வடிவு. உள்ளே பம்ப் முனகிக்கொண்டிருந்தது.

வடிவு காரிலிருந்த தங்கராஜின் சாவியை எடுத்துக்கொண்டு, பூட்டித் திறந்தார். இருக்கை பின்னால் போய், சாய்ந்து, நின்றது. கண்ணாடி நிமிர்ந்தது. அவர் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். முனகல் மெலிந்து, விட்டு விட்டு வந்து, அடங்கியது.

எப்போதும் அப்போதுதான் வீட்டுக்குப் போவாராம். அன்றைக்குப் போகவில்லை. புடவையைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு டிரைவர் இருக்கையில் ஏறி உட்கார்ந்தார். இத்தனை வருடத்தில் அவர் அந்த இடத்தில் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. கால் எட்டவில்லை. என் வீட்டுக்காரரின் மெத்தைமேல், அந்தப் பள்ளத்தில், திருவிழாவில் ராட்டினத்தில் ஏறின குழந்தை மாதிரி இருந்தார்.

விசையைத் தடவிக் கண்டுபிடித்து இருக்கையை முன்னால் கொண்டுவந்தார். தன் காலுக்கு எட்டுகிற வரை. கண்ணாடியைத் தன் முகம் தெரிகிற வரை இறக்கினார்.

"யாரோ வந்து அழிக்கறதுக்கு நானே அவுகள எந்திரிக்கச் சொல்லிருதேன் அக்கா," என்றார்.

அழுத்திப் பிடித்தார். டிங்.

இறங்கி, கதவைச் சாத்தி, அதே சாவியால் பூட்டித் திறந்தார். இரண்டு தடவை. இருக்கை முன்னாலேயே இருந்தது. சாவியை என்னிடம் கொடுத்துவிட்டு, கூடாரத்தில் போய் உட்கார்ந்து தண்ணீர் கேட்டார். காலையிலிருந்து அவர் எதுவுமே குடிக்கவில்லை.

நான் மெத்தையை அவிழ்த்து எடுத்துக்கொண்டேன்.

திங்கட்கிழமை

லாரியில் வந்த கார் அன்று இரவெல்லாம் பட்டறையில் பூட்டியிருந்தது. யாரும் திறக்கவில்லை. சாவி மாடியில் என் ஜெபமாலை டப்பாவில் இருந்தது. பாஷா காலையில் பின் இருக்கையை மாட்டக்கூட வரவில்லை. வயிற்று வலி என்றார். ஸ்டெல்லாதான் பின்பக்கத்துக் கதவு வழியாக மாட்டினாள். வடிவு பட்டனை அழுத்தினதை அவளிடம் நான் சொல்லியிருந்தேன். அதனால் முன்னால் அவள் எதையும் தொடவில்லை.

கோயம்புத்தூர்க்காரர் வந்தார். ஷட்டருக்குக் குனிந்து உள்ளே வந்தார். நான் மாடிப்படியில் நின்றபடி பார்த்தேன். நல்ல உயரம். முட்டி இடிக்கப்போகிறது, 'இன்னாங்க இவ்ளோ முன்னாடி வச்சிருக்கீங்க' என்று கேட்கப்போகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

ஸ்டெல்லா கொடுத்த வேல் சாவியை வாங்கி, கதவைத் திறந்தார். அவர் முதுகு மறைத்துக்கொண்டது. தையல் மிஷின் சத்தம் கேட்டதா என்று என்னால் சத்தியம் பண்ண முடியாது. மேலே ரயில் போய்க்கொண்டிருந்தது.

சாவகாசமாக உள்ளே உட்கார்ந்தார். காலை நீட்டினார். கண்ணாடியைப் பார்த்துத் தலையைக் கோதிக்கொண்டார்.

"ஏனுங்க, எனக்குன்னே அளவெடுத்து வச்ச மாதிரி இருக்குதுங்க," என்றார். "ஒண்ணும் மாத்த வேண்டாமுங்க."

ஸ்டெல்லா நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன்.  கார் சந்து முனை திரும்பிப் போயிற்று.

மத்தியானம் வடிவு போன் செய்தார். போன் என்றால் நான் ஸ்டெல்லாவிடம்தான் நீட்டுவேன். அன்றைக்கு நானே காதில் வைத்துக்கொண்டேன்.

"வண்டி போயிருச்சா அக்கா?"

"போயிடுச்சும்மா."

"சீட்டு இடிச்சிருக்குமே அவருக்கு? பாவம், என் அளவுக்கு வச்சிட்டு வந்தேன்."

பொய் சொல்லிவிடலாமா என்று ஒரு நொடி பார்த்தேன். வரவில்லை. "இடிக்கலம்மா," என்றேன். "உயரமான ஆளு. உக்காந்தாரு, சரியா இருந்துச்சு. ஒண்ணுமே மாத்தல."

அந்தப் பக்கம் மின்விசிறி சுற்றுகிற சத்தம் மட்டும் கேட்டது. தப்பாகச் சொல்லிவிட்டேனோ, மறுபடி அவரை அந்த இருட்டுக்குள் இறக்கிவிட்டேனோ என்று போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

பிறகு ஒரு சத்தம் வந்தது. அழுகை என்றுதான் நினைத்தேன். வடிவு சிரித்துக்கொண்டிருந்தார்.

"அவுக எப்பவும் அப்படித்தான் அக்கா," என்றார். "சொன்னா என்னைக்குக் கேட்டிருக்காக?"